ரெண்டு மாசம்

2008இல் திருகோணமலையில் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் கடன் அறவிடுவது என் வேலை. மூன்று தவணை தப்பினால் ஓட்டோவைச் சீஸ் பண்ண, அதாவது பறித்தெடுக்க, வேண்டும். போர்க்காலம். பொழுது சாய்ந்தால் வீதியில் சனம் இல்லை, ஓட்டோக்காரருக்கு ஹயரும் இல்லை. நிலாவெளியில் ஒருவர் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டு, "தம்பி, ரெண்டு மாசம் பொறுங்கோ" என்றார். "எடுத்த கடனைக் கட்டத்தானே வேணும் அண்ணன்" என்று சொல்லி வண்டியை லொறியில் ஏற்றினேன். சந்தைப் பொருளாதாரத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த செப்டெம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி வங்குரோத்தானது. கைகொடுக்க அமெரிக்க அரசு வரவில்லை. மறுநாளே ஏஐஜி என்ற காப்புறுதிக் கம்பனிக்கு 85 பில்லியன் டொலர் கடன் அறிவித்தார்கள். "சந்தை விதியெல்லாம் ஓட்டோக்காரனுக்குத்தான்" என்று எங்கள் மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டிசம்பரில் கொழும்பில், சனத்திடம் வைப்புப் பணம் வாங்கிய கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி விழுந்தது. பதற்றம் அதே குழுமத்தின் செலான் வங்கிக்கும் பரவ, மத்திய வங்கி அதன் பணிப்பாளர் சபையை நீக்கி, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது. எங்கள் வாசலிலும், வைப்பிட்ட பணத்தைக் கேட்டு ஆட்கள் கூடினார்கள். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரை வீடு தேடிப் போய்ப் பேசி, பணிக்கொடையை எங்களிடம் போட வைத்தவன் நான். அவர் முகத்தைப் பார்த்தபோது, அரசாங்கமோ யாரோ வந்து எங்களையும் தூக்கிவிட மாட்டார்களா என்றுதான் மனம் கிடந்து தவித்தது.

ஏஐஜி கதையின் மறுபாதியை அப்புறம்தான் கவனித்தேன். கடனுக்கு ஈடாக அமெரிக்க அரசு 79.9 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அதுவும் ஒருவகைச் சீஸ்தான், லொறி மட்டும் இல்லை. காப்பாற்றுவது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. முதலாளி எதையும் இழக்காமல் தப்புகிறாரே, அதுதான் உறுத்துகிறது.

எங்களைத் தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. பணிப்பாளர்கள் அதே கதிரைகளில் இருந்தபடி வைப்பாளர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். ஆறு மாத அவகாசம் வேண்டுமாம். ரீச்சர் கண்ணாடி கொண்டு வரவில்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன்.