பிளீ பார்கெய்னிங் மனு போட்ட என் அனுபவம்

2017 நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு மாலையில், நான் ஓட்டிச் சென்ற கார் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் மீது மோதியது. மூன்றாம் நாள் அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். வேகம் அதிகம் இல்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் வளைவில் நான் கவனமாக இல்லை என்பதும் உண்மை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279 (அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது), 304ஏ (கவனக்குறைவால் மரணம் விளைவித்தது) பிரிவுகளில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. நடுவர் முதன்முதலாக 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?' என்று கேட்டபோது, வழக்கறிஞர் சொல்லித் தந்தபடி 'இல்லை' என்றேன். அதன்பின் நான்கு ஆண்டுகள் வாய்தாதான்.

வழக்கறிஞர் நல்லவர், அனுபவசாலி. கண்ணால் பார்த்த சாட்சிகள் இரண்டே பேர் என்றும், அவர்களில் ஒருவர் ஊரை விட்டே போய்விட்டார் என்றும், மற்றவர் கூண்டில் ஏறினால் பிறழ்சாட்சி ஆவதற்கே வாய்ப்பு அதிகம் என்றும் விளக்கினார். "பேசாம வந்துட்டுப் போயிட்டே இருங்க சார், விடுதலை தானா வரும்" என்பது அவருடைய அறிவுரை. அதில் பொய் ஏதும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை கேட்கும் 'பிளீ பார்கெய்னிங்' எனும் குற்ற ஒப்புதல் பேரத்துக்கு 2006 ஜூலை முதல் சட்டத்தில் இடமிருந்தும் நம் நீதிமன்றங்களில் அதை நாடுவோர் மிகக் குறைவாக இருப்பதற்கு, இந்த ஒற்றை அறிவுரையே பெரும் காரணம் என்று நினைக்கிறேன். பொறுமையாக மறுத்துக்கொண்டிருப்பவருக்கு விடுதலை கிடைக்கக்கூடிய இடத்தில், உண்மையைச் சொல்லித் தண்டனை வாங்கிக்கொள்ள யார் முன்வருவார்கள்?

நானும் உயர்ந்த நோக்கத்தோடு போகவில்லை. 2021இல் நிறுவனம் என்னைத் துபாய்க்கு அனுப்ப விரும்பியது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனபோது, குற்றவழக்கு நிலுவையில் இருப்பதால் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் படித்தபோது ஒரு விசித்திரம் புலப்பட்டது. நிலுவையில் உள்ள வழக்கு தடையாக நிற்கிறது; ஆனால் தண்டனை பெற்றவருக்குத் தடை வருவதோ, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறை விதிக்கப்பட்டால்தான். என் நிலையில், தீர்ப்பைவிட வழக்குதான் பெரிய தண்டனையாக இருந்தது.

304ஏ, இரு தரப்பும் மனம் ஒப்பினாலும் நடுவர் முன் ராஜியாகிவிட முடியாத பிரிவு. எனவே எஞ்சிய வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 265பி பிரிவின்படி மனுப் போடுவதுதான். ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது; பெண்களுக்கும் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கும், நாட்டின் சமூகப் பொருளாதார நிலையைப் பாதிக்கும் குற்றங்களுக்கும் பொருந்தவில்லை. மனுவோடு, தண்டனையின் தன்மையை அறிந்தே, என் விருப்பப்படியே கேட்கிறேன் என்றும், இதே குற்றத்துக்கு முன்பு தண்டனை பெற்றதில்லை என்றும் பிரமாணப் பத்திரம் இணைத்தேன்.

விசாரணை நாளன்று நடுவர் அரசு உதவி வழக்கறிஞர் உட்பட எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். அந்தச் சிறிய அறையில் தட்டச்சர் மட்டும் இருந்தார். "யாராவது கட்டாயப்படுத்தினார்களா? நாளை மனம் மாறினால் வழக்கமான மேல்முறையீடு கிடையாது, தெரியுமா?" என்று நடுவர் கேட்டார். தெரியும் என்றேன். 1980களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் திப்பேசாமி வழக்கில் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அதுவும் 304ஏ வழக்குதான். லேசாக விட்டுவிடுவோம் என்ற நம்பிக்கையில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, மேல் நீதிமன்றத்தில் தண்டனையைக் கூட்டுவது உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்கே விரோதம் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. பேரத்துக்குச் சட்டம் இல்லாத காலத்திலும் பேரம் நடந்திருக்கிறது, பாதுகாப்புதான் இருந்ததில்லை.

அடுத்து நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அரசு உதவி வழக்கறிஞரின் அறையில் விசாரணை அதிகாரி, இறந்தவரின் மனைவி, மகன், நான், என் வழக்கறிஞர் ஆகியோர் உட்கார்ந்தோம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் மீதான வழக்கு தனியாக நடந்துகொண்டிருந்தது. இங்கே பேசியது, நான் என் கையிலிருந்து கொடுக்க வேண்டிய இழப்பீட்டைப் பற்றி. மகன் இரண்டரை லட்சம் கேட்டார். நான் ஒன்று என்றேன். பிறகு ஒன்றரை என்றேன். ஒரு கட்டுக் காகிதத்தின் பின்புறத்தில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டு அடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அதுவரை வாய் திறக்காமல் இருந்த அந்த அம்மா, "பழைய வண்டிக்கு வெல பேசுற மாதிரி பேசாதீங்க தம்பி" என்றார். அப்போதும் நான் இரண்டரைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றே முக்காலில் முடிந்தது. கையெழுத்திடும் முன் அந்த அம்மா, "சைக்கிள் லைட்டு எரிஞ்சுதா இல்லியா?" என்று கேட்டார். எரிந்தது என்றேன். அந்த விளக்கு எரியவில்லை என்பதுதான், வழக்கு நடந்திருந்தால், எங்கள் தரப்பின் முதல் வாதமாக இருந்திருக்கும்.

304ஏ பிரிவில் அப்போது அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள். பேரத்தில் அதன் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஆறு மாதம் வரை வரலாம் என்று பயந்திருந்தேன். இழப்பீட்டையும் அபராதத்தையும் விதித்து, நீதிமன்றம் கலையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார் நடுவர்.

அப்படி மாலைவரை பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொரு மனுவும் வந்தது. இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு, 379ஆவது பிரிவு. இருபது வயதைத் தாண்டாத பையன், பாதுகாப்புக் காவலரோடு வந்திருந்தான். அவனுடைய தாய் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் இருவர் கிடைக்காததால் பத்து மாதமாக உள்ளேயே இருக்கிறானாம். "எடுக்கலைன்னுதான் சொல்றான். ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்னு வக்கீல் சொல்லிட்டாரு" என்றார். கணக்கு சரிதான். அந்தப் பிரிவின் அதிகபட்சமான மூன்று ஆண்டில் நான்கில் ஒரு பங்கு ஒன்பது மாதம். அவன் அதைவிடக் கூடுதலாகவே இருந்துவிட்டான். அடுத்த முறை அந்தப் பகுதியில் ஒரு வண்டி காணாமல் போனால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்ற கணக்கை மட்டும் யாரும் போடவில்லை.

எனக்கு யோசிக்க நான்கு ஆண்டுகள் இருந்தன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், நீதிமன்றம் குற்றச்சாட்டை வகுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். முதல்முறை குற்றவாளிக்குத் தண்டனை, அதிகபட்சத்தில் ஆறில் ஒரு பங்காகவே குறைந்துவிடலாம். உள்ளே இருப்பவனுக்கு இரண்டுமே அவசரத்தைத்தான் கூட்டும்.

அந்தப் பையனின் முறை வந்தபோதும் எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டார்கள். சில வாரம் கழித்து என் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் படித்தேன். 'எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எவ்விதத் தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றித் தன் சுய விருப்பத்தின் பேரில் மனுச் செய்துள்ளார் என்று இந்நீதிமன்றம் திருப்தியடைகிறது' என்றிருந்தது. பெயரும் வழக்கு எண்ணும் மட்டும் மாறி, அவனுடைய நகலிலும் அதே வரிதான் இருந்திருக்கும்.