ஒரு சாணுக்குள் நூறு கோடு

என் மேஜைக்கு மேலே ஒரு டோபோ மேப் ஒட்டியிருக்கிறது. ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து மேடுபள்ளம் காட்டும் வரைபடம். கலிபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில் இருக்கும் லாஸ்ட் கோஸ்ட். ஒரு மூலை முழுக்க உப்புக்கறை. அது என் கைங்கரியம்.

கடலோரமாகவே வரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை இங்கே வருவதற்கு முன்பே உள்ளே திரும்பி, லெகெட் என்ற ஊரில் 101-ஆம் எண் நெடுஞ்சாலையுடன் சேர்ந்துவிடும். ஏன் என்று மேப்பைப் பார்த்தாலே தெரியும். இங்குள்ள கிங் பீக் என்ற மலையுச்சி 4,088 அடி உயரம். அங்கிருந்து கடல் மூன்றே மைல். 1:24,000 அளவில் அது தாளில் ஒரு சாண்கூட வராது. 40 அடி உயரத்துக்கு ஒரு கோடு என்றால், அந்தச் சாணுக்குள் நூற்றுக்கு மேல். கூட வந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, இது கோடா, பிரவுன் மை கொட்டிடுச்சா?"

மட்டோல் ஆற்று முகத்துவாரத்திலிருந்து பிளாக் சாண்ட்ஸ் பீச் வரை சுமார் 25 மைல் நடை. அதில் இரண்டு இடங்களில், சுமார் நாலு நாலு மைல், கடல் ஏறினால் வழியே கிடையாது. கடல் வற்றும் நேரத்தை மேப்பின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள்; கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையிலேயே அது சேர்ந்திருந்தது. நான் அதிபுத்திசாலித்தனமாக இன்னொரு மணி நேரம் கூட்டிவிட்டேன்.

அந்த நாலு மைல்களில் முதலாவது தொடங்கும் சீ லயன் கல்ச் என்ற ஓடைப் பள்ளத்தைத் தாண்டும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரேண்டல் ஓடைக்குக் கொஞ்சம் முன்னால், பாறை துருத்திக்கொண்டிருந்த ஒரு முனையில், தண்ணீர் எங்களுக்கு முன்பே வந்து நின்றது. இடப்பக்கம் செங்குத்து. ஒரு அலை பின்வாங்கியதும், "ஓடுடா!" என்றேன். பாதி தூரத்தில் அடுத்த அலை முழங்காலுக்கு மேல் அடித்தது. உருண்டைக் கற்கள் காலுக்கடியில் கடகடவென்று நகர்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓடைக்கரையில் மேப்பைக் காயப்போட்டபோதுதான் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். கரையாகப் போட்டிருக்கும் கோடு, கடல் ஏறும்போது சராசரியாக வந்து தொடும் எல்லையாம். அதாவது வற்றும்போது நடக்கிற மணல் தாளில் இல்லவே இல்லை. அந்த முனையில் பிரவுன் கோடுகள் நீலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அவற்றை மலை என்று மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"நாம எங்க மாமா ஓடினோம்?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"அது நீலத்துல இருக்கே!"

அவன் அங்கே பென்சிலால் போட்ட புள்ளி இன்னும் அழியவில்லை.