500 பேரே இல்லாத அலுவலகத்துக்கு 500 என்ற வரம்பு எதற்கு?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒரு நாள் காலை, கிருமாம்பாக்கம் தாண்டும்போது கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து போன். "தம்பி, மெயில் திறக்க மாட்டேங்குது, அக்கவுண்ட்டே இல்லைன்னு சொல்லுது, இன்னைக்கு சம்பளப் பட்டியலை பேங்குக்கு அனுப்பணும்." அரியாங்குப்பம் வருவதற்குள் இன்னும் ஆறு போன்.

வயிற்றைக் கலக்கியது. முந்தின நாள் இரவு நான்தான் வில்லியனூர் கிளையின் 140 பேரை ஆக்டிவ் டைரக்டரியில் (ஊழியர்களின் கணக்குகள் இருக்கும் அலுவலக சர்வர் பட்டியல்), அதன் உச்சியான டொமைனுக்கு நேர் கீழே புதிதாக உருவாக்கிய ஒரு ஓயூவுக்கு (கணக்குகளைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் மாதிரி) மாற்றியிருந்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்றுதான் செய்தேன், ஆனால் இந்தக் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கு நகலெடுக்கும் என்ட்ரா கனெக்ட் என்ற மென்பொருளில் எந்தெந்த ஓயூ கிளவுடுக்குப் போக வேண்டும் என்று டிக் போட்டிருக்கிறோமோ அந்தப் பட்டியலில் இது இல்லை. ஆள் இடம் மாறியிருக்கிறார் என்பதெல்லாம் சிங்க்குக்கு, அதாவது இந்த நகலெடுப்புக்குத் தெரியாது. டிக் போட்ட இடத்தில் காணோம் என்றால் வேலையை விட்டே போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ளும். வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுவது, அடுத்த சுற்றிலேயே அத்தனை பேரையும் கிளவுடில் அழித்துவிட்டது.

இதைத் தடுக்க ஒரு காவல் உள்ளேயே இருக்கிறது. ஒரே சுற்றில் 500 பேருக்கு மேல் அழிக்கப் போனால், மாற்றங்களைக் கிளவுடுக்கு அனுப்பும் ஏற்றுமதி நின்றுவிடும், நிர்வாகிக்கு மெயிலும் வரும். எங்கள் அலுவலகத்தில் மொத்தமே 340 பேர்! எல்லோரையும் அழித்தாலும் அந்தக் காவல் வாயே திறக்காது. நிறுவும்போது இந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை, இதுதான் இன்னமும் உறுத்துகிறது.

நல்லவேளை, அழிந்த கணக்குகள் 30 நாள் கிளவுடின் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அலுவலகம் போனதும் 140 பேரையும் பழைய ஓயூவுக்கே கொண்டுவந்து டெல்டா சிங்க்கை (மாறியதை மட்டும் அனுப்பும் சுற்று) கையால் ஓட்டினேன். ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாள எண் மாறாததால் அதே கணக்கு, அதே மெயில்பெட்டியோடு திரும்பி வந்தது. பதினொன்றரைக்கு அக்கா சம்பளப் பட்டியலை அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் அந்த வரம்பை 20 ஆக்கிவிட்டேன், ஒரே வரிக் கட்டளைதான். அப்புறம், ஓயூவில் கை வைப்பதற்கு முன்னால் இப்போதெல்லாம் சிங்க்கைத் தானாக ஓட்டும் ஷெட்யூலரை நிறுத்திவிட்டு, இறக்குமதியையும் (கணக்குகளைப் படிப்பது) சிங்க்கையும் (மாற்றங்களைக் கணக்கிடுவது) மட்டும் ஓட்டி, ஏற்றுமதிக்குக் காத்திருப்பதில் எத்தனை டெலீட் நிற்கிறது என்று ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறேன். போன வாரம் மூன்று நின்றன. மூவரும் பணி ஓய்வு பெற்றவர்கள்தான் என்று அக்காவிடம் கேட்டு உறுதி செய்த பிறகே ஏற்றுமதியை ஓட்டினேன்.