ரெட் லைட் எரியுதா? – மழைக்கால நாட்குறிப்பு

அக்டோபர் 14

மழை பிடித்துக்கொண்டால் ஃபைபர் நெட் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போகிற புகார் பெரும்பாலும் "நெட் வரல" என்பதோடு முடிந்துவிடும். அதை வைத்து லைன்மேன் ஏணியோடு வருவதா, அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வருவதா? வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று சொன்னால்தான் அவருக்கு விளங்கும்.

பவர் விளக்கு எரியாவிட்டால் அடாப்டரைப் பாருங்கள். பான் (PON, ஃபைபர் இணைப்பைக் காட்டும்) விளக்கு பச்சையாக நின்று எரிந்தால் ஃபைபர் சரி. மினுங்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் பெட்டி இன்னும் கம்பெனி வலையில் பதிவாகவில்லை. எல்ஓஎஸ் (LOS, ஒளி இழப்பைக் காட்டும்) விளக்கு சிவப்பாக மினுங்கினால் ஒளியே வரவில்லை, அல்லது வருவது போதவில்லை. அந்த நேரத்தில் பின்பக்கத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் அழுத்துவதைப் போல் கெட்ட வேலை இல்லை. பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் என்று கம்பெனி போட்டுவைத்த அமைப்பெல்லாம் அழிந்துபோகும்; ஒளி திரும்பிய பிறகும் நெட் வராது. ஒரு பழுது இரண்டாகிவிடும்.

அக்டோபர் 17

விளக்கை விட நம்பகமானது ஓர் எண். உலாவியில் 192.168.1.1 (சில பெட்டிகளில் 192.168.100.1) என்று அடித்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனால், பான் அல்லது ஆப்டிகல் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (Rx, வந்து சேரும் ஒளியின் அளவு) இருக்கும். நெட் நன்றாக ஓடும் நாளிலேயே அதைக் குறித்து வைப்பது முக்கியம்.

கணக்கு எளிது. கேபிள்காரர் அறையில் இருக்கும் தலைமைப் பெட்டியான ஓஎல்டியிலிருந்து சுமார் +3 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு; இழப்பை டிபி என்பார்கள்) ஒளி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் 1:4, 1:8 என ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் இரண்டு ஸ்ப்ளிட்டர்கள் சேர்ந்து ஏறக்குறைய 17.5 டிபி தின்றுவிடும். 3 கிலோமீட்டர் ஃபைபருக்கு 1 டிபி. கனெக்டர், ஜாயின்ட் வகையில் ஒன்றரை. ஆக வீட்டுக்கு வந்து சேர்வது -17. பெட்டியால் -27 வரை படிக்க முடியும். ஒவ்வொரு 3 டிபிக்கும் ஒளி பாதியாகும். -25க்குக் கீழே போன லைன் மழையில் கேபிள் ஆடினாலே விட்டு விட்டு வரும்.

-17 இருந்தது திடீரென -24 ஆனால் முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். பீரோவுக்குப் பின்னால் வயர் நசுங்கியிருக்கும், கதவிடுக்கில் மடங்கியிருக்கும். உள்ளங்கை அளவு வட்டத்துக்குக் குறைவாகச் சுருட்டக் கூடாது. பச்சைக் கனெக்டரின் முகம் 8 பாகை சாய்வாக வெட்டியது, நீலத்தது அப்படியல்ல. அவசரத்துக்கு நீலத்தைச் செருகினால் ஒளி ஒழுங்காகப் போகாது. முனையைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். உள்ளே எட்டியும் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

அக்டோபர் 22

கரண்ட் போனால் நெட்டும் போவது ஏன் என்ற கேள்விக்கு விடை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று உங்கள் வீடு. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடும். 8,000 எம்ஏஎச் என்று போட்ட மினி யுபிஎஸ்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தக் கணக்கு 3.7 வோல்ட் பேட்டரிக்கு. உண்மையில் இருப்பது 30 வாட்-மணி. 10 வாட் இழுக்கும் பெட்டிக்கு, சேதாரம் போக, இரண்டரை மணி நேரம். ரவுட்டர் தனியாக இருந்தால் யுபிஎஸ்ஸில் அதற்கும் ஒரு வாய் வேண்டும். அது 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துச் செருகவும்.

இன்னொன்று கேபிள்காரர் அறை. அங்கே இன்வெர்ட்டர் இறங்கிவிட்டால் தெரு முழுக்கச் சிவப்பு எரியும். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்: உங்களுக்கு மட்டும் சிவப்பு என்றால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர், எல்லோருக்கும் என்றால் பழுது மேலே, கேபிள்காரர் பக்கம்.

அக்டோபர் 23

செல்போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும், எதுவும் ஓடாது. டவர் உயிரோடு இருக்கிறது; ஆனால் ஃபைபர் போன வீட்டுக்காரர் அத்தனை பேரும் அதன் மேல் ஏறிவிட்டார்கள். 5ஜியை அணைத்து 4ஜியில் வைத்துப் பாருங்கள். கால் போகாவிட்டாலும் எஸ்எம்எஸ் போய்ச் சேரலாம். டவர் பேட்டரியும் சில மணி நேரத்துக்குத்தான். டீசல் வந்து சேராவிட்டால் அதுவும் படுத்துவிடும்.

அக்டோபர் 29

மழைநீர் வடிகால் வேலைக்கு வந்த ஜேசிபி ஒரு கொத்துக் கொத்தினால் 96 இழைக் கேபிள் போகும். "4 மணி நேரத்தில் சரியாகும்" என்று வரும் எஸ்எம்எஸ் ஏன் பொய்க்கிறது? ஓடிடிஆர் கருவி அறுந்த இடத்தை மீட்டர் கணக்கில் காட்டும். ஆனால் அது ஃபைபரின் நீளம், சாலையின் நீளம் அல்ல. வழியில் சுருட்டி வைத்த கூடுதல் கேபிளெல்லாம் அதில் அடக்கம். இடம் கிடைத்தாலும் குழியில் தண்ணீரை இறைக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் இழையாக உரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, வெட்டி, உருக்கி ஒட்டி, ஸ்லீவைச் சூடாக்க வேண்டும். இழைக்கு 5 நிமிடம் என்றாலும் 8 மணி நேரம். தோண்டுகிறவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க 2023இல் அரசு ஒரு செயலியே கொண்டுவந்தது. ஜேசிபி ஓட்டுநர் கையில் அது இருக்கிறதா என்பது வேறு கதை.

நவம்பர் 3

புகார் எண் இல்லாத புகார் புகாரே அல்ல. நேரம், எல்ஓஎஸ் நிலை, ஆர்எக்ஸ் எண், தெருவில் எத்தனை வீடு என நான்கையும் சொல்லி எண் வாங்குங்கள். வேலை நடக்காமலே "தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றே மறுபடி திறக்கச் சொல்லுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிகளின்படி, லைன் பழுது 3 நாளைத் தாண்டினால் வாடகையில் கழிவு தர வேண்டும். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் மொபைல் முடங்கினாலும் கழிவு உண்டு, இயற்கைச் சீற்றத்துக்கு மட்டும் விலக்கு. புகார் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு. அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளையும் அங்கே கொண்டுபோகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

நவம்பர் 6

பச்சை விளக்கு எரிகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால், பிளான் நள்ளிரவில் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

நவம்பர் 9

லைன்மேன் வந்து ஒட்டிவிட்டு, "வந்துடுச்சு சார்" என்று ஏணியை மடக்குவதற்குள் ஆர்எக்ஸ் எண்ணைப் பாருங்கள். முன்பு -17, இப்போது -24 என்றால் ஒட்டு சரியில்லை. "அண்ணே, இன்னொரு வாட்டி வெட்டி ஒட்டிடுங்க" என்று அப்போதே கேட்டால் பத்து நிமிட வேலை.