தவணை தேதி 5

ஜூன் 1, 2025, ஞாயிறு

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. சின்னவனுடைய நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடிக்கும்போது மணி பத்தரை. மிஞ்சிய பழுப்புத் தாளில் இந்த மாதக் கணக்கைப் போட்டேன். மூன்று முறை போட்டும் அதே விடைதான் வருகிறது.

சம்பளம் 31,000. இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பதில் 6,000. ஆக 37,000. வீட்டுக் கடன் தவணை 26,080. மிச்சம் 10,920. அதற்குள் அரிசி, பால், கரண்ட், அபார்ட்மென்ட் பராமரிப்பு 1,800, பெரியவளின் பத்தாம் வகுப்பு டியூஷன். சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. சின்னவனுக்கு இந்த மாதமே முதல் டேர்ம் ஃபீஸ் 14,000 கட்ட வேண்டும்.

நானும் அவரும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கொளத்தூரில் இருக்கும் இந்த வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, கடனும் அப்படித்தான். பாதித் தவணையாக மாதம் 13,000 அனுப்பிக்கொண்டிருந்தார். ஏப்ரலோடு அது நின்றுவிட்டது. மே 5ஆம் தேதி என் கணக்கில் பணம் போதாமல் டியூ பவுன்ஸ் ஆனது. அபராதம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90.

பதினைந்து வருடமாக மற்றவர்களுடைய கணக்கைத்தான் எழுதிப் பிழைக்கிறேன். என் பெயரில் ஒரு செக்குகூட அதுவரை திரும்பியதில்லை. அந்த எஸ்எம்எஸ்ஸை இன்னும் அழிக்கவில்லை. இதே இடத்தில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தால் அவளுக்குப் பயன்படட்டும் என்று இனி நடப்பதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

இரவு எட்டே முக்காலுக்கு வங்கியின் பெயரைச் சொல்லி ஒருவர் போன் செய்தார். "எப்போ கட்டுவீங்க? வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா?" குக்கர் சத்தத்தில் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். பெரியவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 4, புதன்

அரை நாள் பர்மிஷன். அம்மா கல்யாணத்துக்குப் போட்ட வளையல்கள், மூன்று பவுன். தெருமுனையிலேயே அடகுக்கடை இருக்கிறது, ஆனால் அங்கே வட்டி அதிகம். அதனால் வங்கிக்குப் போனேன். மதிப்பீட்டாளர் கல்லில் உரசி, எடை போட்டு, ஒன்றரை லட்சம் வரைக்கும் கிடைக்கும் என்றார். பவுன் 72 ஆயிரத்துக்கு மேல் விற்கிறது, மதிப்பில் முக்கால் பங்கு வரை கொடுக்கிறார்கள். முழுவதையும் எடுக்கச் சொல்லி மனசு தூண்டத்தான் செய்தது. எடுத்தது 60,000 மட்டும். மே தவணை, நாளைய தவணை, அபராதம் போக மீதி ஃபீஸுக்கு. இதற்கு வட்டி மாதம் 450 வரும்.

நகையை வைத்து ஒரு மாதத்தைத் தள்ளலாம். எல்லா மாதத்தையும் தள்ள முடியாது.

ஜூன் 6, வெள்ளி

நான் கணக்கு எழுதும் ஆண்டர்சன் தெருக் கடையில் இன்றைக்கு நல்ல வியாபாரம். ஆனி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அட்டை வாங்க வந்த கூட்டம். முதலாளி போனில் செய்தி பார்த்துவிட்டு, "அம்மா, ரெப்போ அரை சதவீதம் குறைச்சிட்டாங்களாம், உங்களுக்கு டியூ குறையுமே" என்றார். ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. இந்த வருடம் இது மூன்றாவது குறைப்பு. பிப்ரவரியில் 6.5இலிருந்து 6.25, ஏப்ரலில் 6, இப்போது 5.5.

மத்தியானம் பதிவுத் தபால் போட ஜி.பி.ஓ. போனேன். அதே ராஜாஜி சாலையில்தான் ரிசர்வ் வங்கிக் கட்டடமும் இருக்கிறது. எத்தனையோ வருடமாக அதைத் தாண்டித்தான் போகிறேன், இன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் வட்டி குறைந்ததே, என் தவணை ஏன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை? இந்தக் கேள்வியை நான் பிப்ரவரியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் கடன் கொடுத்த கிளைக்குப் போனேன். லோன் ஸ்டேட்மென்ட் முழுவதையும் அச்சடித்துத் தரச் சொன்னேன். அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வேலையில் மற்றவர் லெட்ஜரைப் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தேன்.

2020 நவம்பரில் 28 லட்சம், 20 வருடம். அப்போது ரெப்போ 4. வங்கி தன் பங்குக்கு 3 சேர்த்து வட்டி 7 சதவீதம், தவணை 21,708. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5க்கு ஏறியது. எங்கள் வட்டி 9.5 ஆனது, தவணை 26,080 ஆனது. இதுவரை ஏறக்குறைய 13 லட்சம் கட்டியிருக்கிறோம். அசலில் குறைந்திருப்பது 3 லட்சம்தான். இன்னும் 25 லட்சம் நிற்கிறது. அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் சின்ன வயசு, பொறுமையாகச் சொன்னாள். "மேடம், வட்டி குறைஞ்சா டியூ தானா குறையாது. டியூ அப்படியே இருக்கும், கட்ட வேண்டிய மாசம்தான் குறையும். டியூ குறையணும்னா நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்." நீண்ட நாள் பார்த்தால் மாதம் குறைவது லாபம்தான். ஆனால் எனக்கு 2038இல் வரும் லாபம் வேண்டாம், இந்த ஜூலையில் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். வட்டி மாறும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா என்று கடன் வாங்கியவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறதாம். எங்கள் கணக்குக்கு அடுத்த வட்டி மாற்றம் ஜூலை 1, அன்றைக்கு 8.5 ஆகும். அப்போது காலத்தை மறுபடி 20 வருடமாக நீட்டினால் தவணை 21,696. மாதம் 4,384 மிச்சம்.

வீட்டுக்கு வந்து மறுபக்கத்தையும் கணக்குப் போட்டேன். இப்போதைய தவணையையே கட்டிக்கொண்டு போனால் 161 மாதத்தில் கடன் முடியும். நீட்டினால் 240 மாதம். மொத்தமாகப் பார்த்தால் பத்து லட்சம் கூடுதலாகப் போகும். எனக்கு இப்போது 39 வயசு. கடைசித் தவணை கட்டும்போது 59 ஆகிவிடும். இது சின்ன விலை இல்லை. தெரிந்தேதான் கொடுக்கப் போகிறேன். கையில் பணம் சேரும்போது அசலில் கட்டிக்கொள்ளலாம், மாறும் வட்டிக் கடனுக்கு அதற்கு அபராதம் கிடையாது.

கடைசியில் அந்தப் பெண் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையது, அவருடையது.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தான். "வித்துடு. உனக்கு எதுக்கு இந்தப் பாரம்?" என்றான். கோபத்தில் சொல்லவில்லை, என்னைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்கிறான். அதனால் உடனே மறுக்காமல் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புரோக்கர் சொல்லும் விலை 48 லட்சம். கடன், கமிஷன் எல்லாம் போக 22 நிற்கும். பாதி அவருக்கு. என் கையில் 11 லட்சம். இதே பக்கத்தில் இதே அளவு வீட்டுக்கு வாடகை 16,000, அட்வான்ஸ் ஒரு லட்சம்.

பெரியவள் உள்ளே படிப்பதாக நினைத்திருந்தேன். வெளியே வந்து, "மாமா, வாடகை வருஷா வருஷம் ஏறாதா?" என்றாள். அண்ணன் பதில் சொல்லவில்லை. அவன் போன பிறகு, டியூஷனை நிறுத்திவிடுகிறேன் என்றாள். பழுப்புத் தாளை அவள் கையில் கொடுத்து எல்லா எண்ணையும் காட்டினேன். டியூஷனை நிறுத்தினால் எவ்வளவு மிஞ்சும், அது எதற்குப் போதும் என்று அவளையே போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு, நிறுத்த வேண்டாம் என்று அவளே சொன்னாள். இதுவரை பணக்கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைத்தது தப்பு என்று இன்றைக்குப் புரிந்தது. அவளுக்குப் பாதி தெரிந்திருக்கிறது, தெரியாத பாதியை நினைத்துத்தான் பயந்திருக்கிறாள்.

ஜூன் 18, புதன்

வேலை செய்யும் இடத்துக்கு எதிரிலேயே உயர் நீதிமன்றம். அந்த வளாகத்துக்குள் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மத்தியானம் நடந்து போனேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வக்கீல் அம்மா முதலில் பயத்தைப் போக்கினார். ஒரு டியூ தவறினால் வீடு போகாது. 90 நாள் பாக்கி நின்றால்தான் வாராக்கடன். அதற்கப்புறமும் 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வங்கி வீட்டைக் கையில் எடுக்க முடியும். வசூல்காரர்கள் காலை எட்டுக்கு முன்னாலும் இரவு ஏழுக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது. "அடுத்த தடவை நேரத்தைக் குறிச்சு வச்சுட்டு, வங்கிக்கு எழுத்துல புகார் கொடும்மா. முப்பது நாள்ல சரியான பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பு அதிகாரி, அதான் ஓம்புட்ஸ்மேன், அவர்கிட்ட போகலாம்" என்றார். எட்டே முக்காலுக்கு வந்த அந்த போனுக்காக ஒரு வாரம் தூங்காமல் இருந்தேன். அவன் போன் செய்ததே தப்பு.

குடும்ப நல நீதிமன்றத்தில் இடைக்கால ஜீவனாம்சத்துக்கு மனுப் போடுவதாக முடிவாயிற்று. பிள்ளைகளுடைய ஃபீஸ் ரசீதுகள், என் சம்பளச் சீட்டு, தவணை ஸ்டேட்மென்ட் எல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அம்பத்தூரில் தன் அக்கா வீட்டில் இருக்கும் அவரைப் பார்க்கப் போனேன். படிவத்தைப் பார்த்துவிட்டு, "கேஸ் போட மாட்டேன்னு எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன்" என்றார். அவருடைய அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். காபியைக் குடித்தேன், எழுதிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வர வேண்டியதை நான் விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அதை அப்படியே சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் கட்டணம் இல்லை, ஆனாலும் பாதி தூரம் நடந்தே வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

அவரே போன் செய்தார். வண்டிக்கு லோன் கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. மே மாத பவுன்ஸ், கடன் வரலாற்றைக் காட்டும் அவருடைய சிபில் பதிவிலும் ஏறியிருக்கிறது. கடன் இரண்டு பேர் பெயரில் என்றால் கறையும் இரண்டு பேர் பெயரில்தான். லோனிலிருந்து தன் பெயரை எடுத்துவிட முடியாதா என்று கேட்டார். அதையும் வங்கியில் கேட்டிருந்தேன். என் சம்பளத்துக்கு மட்டும் 25 லட்சம் தர மாட்டார்கள். "இப்போதைக்கு ரெண்டு பேரும் இதுல இருக்கோம். தவணை குறைஞ்சா நான் தவறாம கட்டுவேன். தவறினா உங்களுக்கும் சேர்த்துத்தான் அடி" என்றேன். குரலை உயர்த்தவில்லை. நடுவில் அழுகை வந்தது, அதை விழுங்கிவிட்டுப் பேசினேன்.

ஜூலை 2, புதன்

கிளைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். பத்து நிமிஷம். சின்னவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நான்காம் வகுப்பு, பல் ஒன்று விழுந்தது என்றேன்.

புதிய தவணை ஆகஸ்டிலிருந்துதானாம். ஜூலை டியூ பழைய தொகையே.

ஜூலை 5, சனி

26,080 போய்விட்டது. கணக்கில் மிச்சம் 3,112. ஆவினில் நீலப் பாக்கெட் ஒன்றாகக் குறைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை வேலையே இல்லை. சம்பளம் இந்த முறை இரண்டு தவணையாகத்தான் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஐந்தாம் தேதிக்குள் முதல் பாதி வேண்டும் என்று கேட்டேன். சரி என்றார். முன்னால் இதைக் கேட்கவே கூச்சப்பட்டிருப்பேன். பக்கத்துப் பைண்டிங் கடையின் கணக்கையும் எழுதித் தர ஒப்புக்கொண்டேன், மாதம் 2,500. வேலை இரவில்தான். பெரியவள் படிக்கும்போது மேஜையின் இந்தப் பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை 6.40க்கு எஸ்எம்எஸ். 21,696 பிடிக்கப்பட்டது. அடுப்படியில் நின்று இரண்டு முறை படித்துவிட்டுப் பெரியவளிடம் காட்டினேன். பழுப்புத் தாளை எடுத்து வந்து பழைய எண்ணை அடித்து, மேலே புதியதை எழுதினாள்.

சாயங்காலம் நகைக் கடனில் 3,000 கட்டினேன். வளையல் வர இன்னும் நாளாகும். ஜீவனாம்ச மனு ஏற்கப்பட்டு, அவருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, வாய்தா இந்த மாதக் கடைசியில். இரண்டாம் டேர்ம் ஃபீஸ் அக்டோபரில். அக்டோபரில் சொத்து வரியும் வரும், அந்த மாதத்துக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் குறையும், அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

11ஆம் தேதிக்குள் மூன்று கடைகளுக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். பைண்டிங் கடைக்காரர் இன்னும் பில் புத்தகம் கொடுக்கவில்லை, காலையில் போகும் வழியில் கேட்டு வாங்க வேண்டும்.