பச்சைக் கொட்டை, அப்பாவின் டம்ளர்

2 மார்ச் 2025, ஞாயிறு

கொடைக்கானல் மலைப்பக்கம் இருக்கும் தாண்டிக்குடியிலிருந்து சித்தப்பா மகன் வந்தான். மஞ்சப்பையில் 2 கிலோ பச்சைக் காப்பிக்கொட்டை. "தோட்டத்துக் கொட்டைக்கா. வறுத்து அரைச்சுக் குடிச்சுப் பாரு, கடைப் பொடியத் தொட மாட்ட" என்று சவால் விட்டுவிட்டு, மதுரையில் வேறு வேலை இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டான்.

ஐம்பது வருஷமாகக் காப்பி குடிக்கிற வீடு. வறுக்காத கொட்டையை இன்றைக்குத்தான் நிதானமாகப் பார்க்கிறேன். சாம்பல் கலந்த பச்சை. ஒரு பக்கம் தட்டை, நடுவில் ஒரு கோடு. மோந்து பார்த்தால் சாக்கு வாசனையும் காய்ந்த பட்டாணி வாசனையும்தான், காப்பி மணம் துளியும் இல்லை. கடித்தேன், புளியங்கொட்டை மாதிரி பல்லைப் பதம் பார்த்தது.

ஆசை யாரை விட்டது? சாயங்காலம் ஒரு கைப்பிடியை அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒரு மஞ்சள் பச்சை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அரை டம்ளர் குடித்தேன். புல் ருசி, பின்னாடியே நாக்கில் ஒரு துவர்ப்பு.

3 மார்ச், திங்கள்

ராத்திரி ஒன்றரை மணி வரை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தேன். காப்பியே இல்லாத காப்பி செய்த வேலை. காஃபின் விதையிலேயே இருக்கிறது, வறுப்பதால் வருவதில்லை. நம் தோட்டங்களில் விளையும் அரபிகா வகையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு போல இருக்கும், ரோபஸ்டா வகையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தூக்கத்தை விரட்டுவதுதான் நோக்கம் என்றால் நேற்றைய கஷாயமே போதும். ஏமன் சூஃபிகள் 15ஆம் நூற்றாண்டில் இராத் தொழுகைக்குக் கண் விழிக்கத்தான் இதைக் குடிக்கத் தொடங்கினார்கள். அதற்கு மேல் வறுப்பது, அரைப்பது, பால், சர்க்கரை, சிக்கரி எல்லாம் நாக்குக்குச் செய்யும் உபசாரம்.

8 மார்ச், சனி

முதல் வறுவல். நாசம்.

இரும்புச் சட்டியில் கால் கிலோவைப் போட்டு, அடுப்பைப் பெரிதாக வைத்துவிட்டேன். நடுவில் கேஸ் சிலிண்டர்காரர் வர, கையெழுத்துப் போட்டுச் சில்லறை தேடிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வீடு முழுக்கப் புகை. மாடி வீட்டு அக்கா ஜன்னல் வழியாக "என்னம்மா கருகுது?" என்று கேட்டார். கொட்டை வெளியே கரி, உடைத்துப் பார்த்தால் உள்ளே இன்னும் வெளுப்பு. வீணாக்க மனசு வராமல் அதையே மிக்ஸியில் அடித்து ஃபில்டரில் போட்டேன்.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டபராவைத் தள்ளி வைத்தார். "கரியக் கரைச்சுக் குடுத்திருக்க."

9 மார்ச், ஞாயிறு

இன்றைக்கு அடுப்பைச் சிறிதாக வைத்து, ஃபோனை அடுத்த அறையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மரக்கரண்டி ஒரு நிமிஷம் நிற்கக் கூடாது. ஐந்தாறு நிமிஷத்தில் பச்சை போய் மஞ்சள் வந்தது, வைக்கோல் வாசனை. பிறகு வேர்க்கடலை வறுக்கிற வாசனை. கொட்டையின் மேல்தோல் வெங்காயச் சருகு போல உரிந்து பறந்தது. பதினான்காவது நிமிஷம் ‘டப்’ என்று ஒன்று. பிறகு நாலைந்து. அப்புறம் சோளம் பொரிகிற மாதிரி சடசடவென்று. உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி, கொட்டையைப் பிளந்துகொண்டு வருகிற சத்தம். சத்தம் அடங்கி ஒரு நிமிஷம் விட்டு, முறத்தில் கொட்டி விசிறினேன். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் தானாகவே கருகிக்கொண்டே போகும், நேற்று பட்ட பாடு.

தராசில் வைத்தால் 250 கிராம் போட்டது 211 கிராம்தான் இருக்கிறது. அப்பா, "செய்கூலி சேதாரம் போக" என்று நகைக்கடைக் கணக்குச் சொன்னார்.

இடையிடையே உருண்டையாகச் சில கொட்டைகள். பீபெரி. பழத்துக்குள் இரண்டு விதை ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு வளர்வதால்தான் ஒரு பக்கம் தட்டையாகிறது. ஒன்று மட்டும் வளர்ந்தால் உருண்டை. சட்டியில் உருண்டு ஓடுவதால் எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக வறுபடுகிறது. கடையில் இதற்குத் தனி விலை வைப்பது சும்மா இல்லை போல.

11 மார்ச், செவ்வாய்

மிக்ஸி பொடி நறநறவென்று இருக்கிறதே என்று அரவைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கேட்காமலே கை நிறைய சிக்கரியை அள்ளிப் போட வந்தார். தடுத்துவிட்டேன். "போடலேன்னா கலரும் வராது, கெட்டியும் வராதுக்கா. அப்புறம் எங்க மேல பழி போடாதீங்க" என்றார்.

திரும்பி வந்து வழக்கமாக வாங்கும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். காப்பி 53, சிக்கரி 47. கலப்புப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அளவைப் பொட்டலத்தில் போட வேண்டும் என்பது சட்டம். சட்டத்தின் விளிம்பில் நின்றுகொண்டுதான் இத்தனை வருஷம் ஆற்றிக் குடித்திருக்கிறோம்.

16 மார்ச், ஞாயிறு

கலப்பில்லாத பொடி, முதல் டிகாக்‌ஷன். வெந்நீர் ஊற்றியதும் பொடி மூச்சு விட்டது போலப் பொங்கியது. ஆனால் முக்கால் மணி ஆகியும் கீழ்ப்பாத்திரத்தில் நாலு சொட்டு. அம்மா இருந்தவரை செய்ததுதான்: மேல்பாத்திரத்தைக் கழுவி, கவிழ்த்து, அடுப்புத் தீயில் காட்டினேன். ஓட்டைகளில் அடைத்திருந்த பழைய பொடி பொறி பொறியாக எரிந்தது. தூக்கிப் பார்த்தால் அத்தனை ஓட்டையிலும் வெளிச்சம்.

இரண்டாம் முறை இறங்கியது. எனக்கு அருமையாக இருந்தது. லேசான புளிப்பு, கடைசியில் ஒரு கொக்கோ வாசம். அப்பாவுக்கு? "தண்ணியா இருக்கு. புளிக்குது. பால் கெட்டுப்போச்சா?"

பாலில் குறையில்லை. சிக்கரியில் காஃபின் கிடையாது. அது ஒரு செடியின் வேர்தான், அதில் இருக்கும் இனுலின் என்ற நார்ச்சத்து வறுக்கும்போது கருகின சர்க்கரை மாதிரியாகி நிறமும் கெட்டியும் ஒரு இனிப்புக் கசப்பும் கொடுக்கிறது. நெப்போலியன் போட்ட வணிகத் தடையில் காப்பி கிடைக்காமல் ஐரோப்பாக்காரர்கள் வாயில் வைத்த மாற்று, பஞ்சம் போன பிறகும் ருசியாகத் தங்கிவிட்டது. அப்பாவுக்கு அந்த வேர்தான் காப்பி. அவர் நாக்கை நான் தப்பு சொல்ல முடியாது.

20 மார்ச், வியாழன்

தூத்துக்குடிக்காரத் தோழி சொன்னாளே என்று கருப்பட்டி. நேராகப் பாலில் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டேன், திரிந்துபோனது. ஃபோன் போட்டால் சிரிக்கிறாள். "கருப்பட்டிய ஏன்டி பால்ல போட்ட? கடுங்காப்பியா குடிக்கணும்." கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பொடி போட்டுக் கொதி வந்ததும் இறக்கி, தெளியவிட்டுக் குடித்தேன். கசப்பை மறைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற இனிப்பு. இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரை நிற்க முடியாது.

23 மார்ச், ஞாயிறு

அப்பாவின் சாயங்காலக் காப்பியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போலப் பிடிக்கிறது, எழுபத்தெட்டு வயதில் ராத்திரி பன்னிரண்டு வரை புரண்டுகொண்டிருந்தால் வேறென்ன சொல்வார்? நான் தந்திரம் செய்தேன். காலையில் என் பொடி முக்கால், சிக்கரி கால். சாயங்காலத்துக்குச் சிக்கரி முக்கால், என் பொடி கால். நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோய் வைத்தேன்.

காலை டம்ளரை ஒன்றும் சொல்லாமல் காலி பண்ணியிருந்தார். சாயங்கால டம்ளரில் ஒரு வாய். என்னை ஒரு பார்வை. "இதுல கொட்டையே இல்லையே." ஆனால் முழுக்கக் குடித்துவிட்டார். பத்து மணிக்குக் குறட்டை கேட்டது.

29 மார்ச், சனி

சித்தப்பா மகன் ஃபோன். மலையில் பூமழை, அதாவது காப்பிச் செடியைப் பூக்க வைக்கிற மழை, பெய்துவிட்டதாம், இன்னும் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி மணக்கும், வந்து பாரக்கா என்றான். கொட்டை எப்படி என்று கேட்டான். அப்பா ஃபோனை வாங்கி, "கொட்டை நல்லாத்தான் இருக்குடா. அடுத்த தடவை வறுத்தே கொண்டு வா, வீட்ல புகை தாங்கல" என்றார்.

டப்பாவில் இன்னும் ஒரு கிலோ பச்சையாக இருப்பதை அவருக்குச் சொல்லவில்லை.