3.70

மார்ச் 2

நானே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டரில் இரவு 11:40-க்குத் திரை வந்தது. மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு: பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, பூட். ஒவ்வொன்றாக எரிந்து அணையும். ஏதாவது ஒன்று அணையாமல் நின்றுவிட்டால் அந்த இடத்தில் கோளாறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

அப்புறம் பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போனேன். ஆட்டோ என்று கிடந்த இடங்களில் எல்லாம், பெட்டியிலும் கையேட்டிலும் போட்டிருந்த எண்களைப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். விசிறி வேகத்தையும் என் விருப்பப்படி வைத்து, மொத்தத்தையும் ஒரு புரொஃபைலாகச் சேமித்தேன். தம்பிக்குப் படம் அனுப்பினேன். அவனுக்கு 13-ஆம் தேதி பரீட்சை முடிகிறது. அதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

மார்ச் 3

விண்டோஸ் போட்டாயிற்று. அதன் டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் வேகம் 3.70 கிகாஹெர்ட்ஸ். 4.6 வரை போக வேண்டிய பிராசசர் இது.

மார்ச் 4

நேற்று நான் பார்த்தது அடிப்படை வேகம் என்ற வரியை. என் பிராசசரான ரைசன் 5 5600எக்ஸுக்கு அங்கே எப்போதும் 3.70 என்றுதான் இருக்கும், மாறவே மாறாது. அந்தந்த நொடியின் வேகம் பக்கத்தில் பெரிய எழுத்தில் தனியாக ஓடுகிறது. இதைத் தெரிந்துகொண்டதும் அப்பாடா என்றிருந்தது. பெரிய எழுத்தைப் பார்த்தேன். அதுவும் 3.70. கேமைத் திறந்தேன், 3.70. மூடினேன், 3.70.

பிராசசரின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். பஸ் வேகம் என்ற அடிப்படைத் துடிப்பு 99.8 மெகாஹெர்ட்ஸ், அதைப் பெருக்கும் எண்ணான மல்டிபிளையர் 37. பெருக்கினால் 3.7 தான் வரும். கணக்கில் தப்பில்லை. 46 வந்தால் 4.6. ஏறாதது ஒரு கவலை என்றால், சும்மா இருக்கும்போது இறங்காததும் இன்னொரு கவலை. வேலை இல்லாத நேரத்தில் மல்டிபிளையர் தானாகக் குறைய வேண்டும். இது ஆணி அடித்த மாதிரி 37-லேயே நிற்கிறது.

பிராசசரின் திறனை அளக்கும் சோதனையான சினிபெஞ்ச் ஆர்23: 9,180. இதே பிராசசருக்கு மற்றவர்கள் 11,000-ஐ ஒட்டி எடுக்கிறார்கள்.

மார்ச் 5

சூடு காரணமாக இருக்குமோ என்று கூலரைக் கழற்றினேன். 95 டிகிரியைத் தொட்டால்தான் இந்தப் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு 64-ஐத் தாண்டவில்லை. அது தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

நேராகத் தூக்கினால், இடையில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பேஸ்டின் பிடிப்பில் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் இருக்கும் பின்கள் வளைந்துவிடும். அதனால் கால் மணி நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, நான்கு திருகுகளையும் குறுக்குவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகியதும் ‘ப்ச்’ என்று விட்டது. பிராசசர் இடத்திலேயே இருந்தது. மூடியின் நாலு மூலை வரைக்கும் சாம்பல் நிறப் பேஸ்ட் சமமாகப் பரவியிருந்தது. பழுது சொல்ல ஒன்றுமில்லை. துடைத்துப் புதிதாக வைத்து மூடினேன். கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

3.70.

சூடு குறைய, விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100-லிருந்து 99 ஆக்கு என்றான் நண்பன். அவன் லேப்டாப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறானாம். செய்துவிட்டேன்.

மார்ச் 6

99 வைத்தும் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை.

மார்ச் 7

ரேம் பக்கம் போனேன். 3200 என்று விற்ற ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. அது கோளாறு அல்ல, எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைப் பயாஸில் நாமே இயக்கினால்தான் 3200 வரும். இயக்கினேன். திரை வரவில்லை. ரேம் விளக்கு எரிந்தது, எரிந்தபடியே நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

மின் இணைப்பைப் பிடுங்கி, மதர்போர்டிலிருந்து பொத்தான் பேட்டரியை எடுத்து, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போட்டேன். உயிர் வந்தது. அப்புறம்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். இரண்டு ரேம் மட்டும் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய இடங்களில் செருக வேண்டும். நான் 1, 3-இல் செருகியிருந்தேன். மாற்றினேன். சேமித்த புரொஃபைலை ஏற்றி, எக்ஸ்எம்பியையும் இயக்கினேன். தானே இரண்டு முறை அணைந்து எழுந்தது. 3200.

பிராசசர் 3.70.

மார்ச் 8

தம்பி பேசினான். “அண்ணா, ஓடுதா?” ஓடுது என்றேன். “ஃபுல் ஸ்பீடா?” படிக்கிற வேலையைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

மார்ச் 9

தொடவில்லை.

மார்ச் 10

விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்தது. 37. அந்த எண்ணை நான் எங்கோ தட்டியிருக்கிறேன் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

எழுந்து பயாஸைத் திறந்தேன். மல்டிபிளையர் வரியில் 37.00. முதல் இரவில் நான் போட்டதுதான். பெட்டியில் 3.7 என்று இருந்ததால், அடிப்படை வேகத்தைத்தான் அங்கே கேட்கிறது என்று நினைத்து நிரப்பியிருக்கிறேன். ரைசனில் அந்த வரியில் கையால் ஓர் எண் கொடுத்தால் பூஸ்ட், அதாவது தேவைக்கேற்ப வேகம் தானாக ஏறுவது, ஓய்ந்துவிடும். பிராசசருக்குள் வேலை செய்யும் ஆறு கோர்களும் அந்த எண்ணிலேயே நிற்கும். ஏறாது, இறங்காது. பேட்டரியைக் கழற்றிய அன்றே அது அழிந்திருக்கும். விசிறி அமைப்பு போய்விட்டதே என்று புரொஃபைலைத் திரும்ப ஏற்றினேன் பாருங்கள், அதில் 37-உம் கூடவே வந்துவிட்டது.

ஆட்டோ என்று மாற்றினேன். சேமித்தேன். புரொஃபைலையும் அழித்தேன்.

சும்மா இருக்கும்போது எண் இறங்குகிறது! சினிபெஞ்ச் ஓட்டினேன். 3.70. அதற்கு மேல் போகவில்லை.

இனி என்ன செய்ய.

மார்ச் 11

இந்தப் பக்கங்களை முதலிலிருந்து படித்தேன். 5-ஆம் தேதி: 99.

100-க்குக் கீழே போனால் விண்டோஸ் பூஸ்ட் கேட்பதையே நிறுத்திவிடும். அதனால்தான் லேப்டாப்பில் சூடு குறைகிறது. எனக்கு ஒரு டிகிரிகூட இறங்காததற்கும் காரணம் அதுதான்: குறைக்க அங்கே பூஸ்ட் என்று ஒன்று இருக்கவே இல்லை, 37 ஏற்கெனவே அதை அடைத்து வைத்திருந்தது. ஒரு பூட்டைத் திறக்க அலைந்துகொண்டே இரண்டாவது பூட்டைப் போட்டிருக்கிறேன்.

99-ஐ அழித்து 100.

4.2. 4.5. ஒரே ஒரு கோருக்கு வேலை கொடுத்தபோது 4.65. ஆறும் ஒன்றாக ஓடும்போது 4.4-க்குச் சற்று மேலே நிற்கிறது, அது சரிதான். 76 வாட்ஸ் வரம்பை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சினிபெஞ்ச் 10,940. சூடு 64-லிருந்து 76 ஆகியிருக்கிறது. இவ்வளவு நாளும் அது குளுமையாக இருந்ததே நோயின் அறிகுறிதான்.

தம்பியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. படித்துக்கொண்டிருப்பான்.

மார்ச் 12

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் எஃபெக்டிவ் கிளாக் என்று ஒரு வரிசை இருக்கிறது. கோர் தூங்கும் நேரத்தையும் கழித்துச் சராசரி காட்டும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபோது ஒவ்வொரு கோரும் 20, 30 மெகாஹெர்ட்ஸ். தூங்கட்டும்.

மார்ச் 13

பரீட்சை முடிந்ததாம். நாளைக் காலை வருகிறான். இரண்டாவது நாற்காலியைத் துடைத்து மேசை பக்கம் இழுத்துப் போட்டேன். ஒரே ஒரு முறை திறந்து பார்த்தேன்.

4.65.